பித்தளைக் கோதா, உருக்குக் கோதா: மலிவு ரவை பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ரொறன்ரோவுக்குப் போய் நாலு வருஷம், முறைப்படி லைசென்ஸ் எடுத்து, .223 அளவில், ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ற் இழுத்துச் சுடுகிற குறிதுவக்கு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கிழமையில் ஒரு நாள் கிளப்பில் 100 மீற்றரில் கடதாசி இலக்குக்குச் சுடுகிறீர்கள். கடையில் உருக்குக் கோது ரவை ஒன்று 45 சதம், பித்தளைக் கோது 75 சதம். கிளப்பில் ஒரு வயதானவர் "உருக்கு உன் துவக்கைத் தின்றுவிடும்" என்கிறார், இன்னொருவர் "அதெல்லாம் கட்டுக்கதை" என்கிறார், மானிப்பாயில் இருக்கிற அப்பா தொலைபேசியில் "பித்தளைதான் எப்பவும் நல்லது" என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விளங்கியவரை நீங்கள் கேட்பது அதுவல்ல. மாதம் 60 டொலருக்கு மேல் இதற்கு ஒதுக்க ஏலாது என்று ஓர் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதுதான் கேள்வி. அந்தக் காசுக்குள் துவக்கும் கெடக்கூடாது, கையும் பழகவேண்டும். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் லேத் வேலைக்காரன். கொண்டாவிலில் ஒரு பட்டறையில் தண்ணிப் பம்புகளுக்குச் சாஃப்ற் கடைந்து தொழில் பழகினேன். பிறகு ஒன்ராறியோவில் 19 வருஷம் இயந்திரப் பட்டறை வேலை. சனிக்கிழமைகளில் துவக்குத் திருத்துகிற ஒருவரிடம் குழல் பொருத்தும் வேலைக்குக் கைகொடுப்பேன், கிளப்பில் றேஞ்ச் ஒழுங்கு பார்க்கிற ஆளாகவும் நின்றிருக்கிறேன். இப்போது ஊரில், கிணற்றடியில் வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டு இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது உலோகமும் போல்ற் துவக்கும். தானாக ஏற்றிக்கொண்டு சுடுகிற துவக்குகளைப் பெரும்பாலும் பிறர் கையில்தான் பார்த்திருக்கிறேன். அவை பற்றி நான் சொல்வதற்குப் பாதி நிறை கொடுத்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரிக்கவேண்டும். நாங்கள் ஊரில் ரவை, சன்னம், கோது எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகிவிட்டோம். ரவை என்பது முழுச் சாமான். அதில் நாலு பொருள் இருக்கிறது: குழலால் பறந்து போகிற சன்னம், உள்ளே இருக்கிற வெடிமருந்து, அடியில் பொறி கொடுக்கிற பிரைமர், இவை மூன்றையும் பிடித்து வைத்திருக்கிற கோது. பெட்டியில் "உருக்கு" என்று எழுதியிருப்பது கோதைப் பற்றி மட்டும். உங்கள் கிளப்பில் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதற்குக் காரணம், ஒருவர் கோதைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் சன்னத்தைப் பற்றிப் பேசுகிறார். கோது துவக்கின் அறையை, அதாவது ரவை போய் இருக்கிற இடத்தை, விட்டு முன்னே போவதே இல்லை. குழலைத் தேய்ப்பது சன்னம்.

கோதின் வேலை என்ன? சைக்கிள் பம்பைக் கழற்றினால் உள்ளே தோல் வாசர் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அமுக்கும்போது அது விரிந்து பக்கத்தில் ஒட்டிக் காற்றைத் தடுக்கும், இழுக்கும்போது சுருங்கி விட்டுக்கொடுக்கும். கோதும் அதையேதான் செய்கிறது. .223இல் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 55,000 இறாத்தல் வரை போகலாம். அந்த நேரத்தில் கோதின் சுவர் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கவேண்டும். சன்னம் போய் அமுக்கம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, போல்ற்றை இழுத்தவுடன் லேசாகக் கழன்று வரவேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை போல வாய்ப்பான உலோகம் குறைவு. உயர்தரத்தில் யங்கின் மட்டு படித்திருப்பீர்கள், ஒரு பொருள் எவ்வளவு விறைப்பு என்கிற அளவு. உருக்குக்கு அது ஏறத்தாழ 200 கிகா பஸ்கால், பித்தளைக்கு 110 அளவு. மட்டு குறைந்த உலோகம் அதே இழுவிசையில் கூட விரிந்து, விட்டதும் கூடத் திரும்பி வரும். உருக்கு அவ்வளவு மீளாது. அதனால் அடைப்பதும் கொஞ்சம் குறைவு, கழன்று வருவதும் கொஞ்சம் பிடிவாதம். இது உலோகத்தின் குணம். எந்தக் கம்பனி செய்தாலும் மாறாது.

அப்படியென்றால் ஏன் உருக்கில் செய்தார்கள்? செம்பு விலை, வேறு ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்குச் செம்பு தட்டுப்பட்டபோது உருக்குக் கோதைப் பெருமளவில் செய்தார்கள். சோவியத்துக்காரர் போருக்குப் பிறகும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய 7.62×39 ரவையைக் கவனியுங்கள், கரட் மாதிரி நன்றாகச் சரிந்து கூம்பியிருக்கும். அந்தச் சரிவால் ஒரு நூல் பின்னுக்கு வந்தாலே கோது அறைச் சுவரை விட்டுவிடும். .223 பித்தளையை நினைத்து வரைந்த ரவை, பக்கங்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கும். அதனால் ஒரே உருக்குக் கோது அதில் சிக்கலின்றி வரும், இதில் முரண்டு பிடிக்கும். "என்ர எஸ்கேஎஸ் ஆயிரக்கணக்கில் உருக்குச் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய எஸ்கேஎஸ் இந்தக் கூம்பு ரவையைச் சுடுகிற சோவியத் துவக்கு, உங்களுடையது வேறு.

கிளப்புகளில் நடமாடுகிற இன்னொரு கதை, உருக்குக் கோதின் மேல் பூசியிருக்கிற அரக்கு சூட்டில் உருகி அறையில் ஒட்டிக்கொள்ளும் என்பது. நான் பல அறைகளைக் கழுவியிருக்கிறேன், உருகிய அரக்கை ஒரு நாளும் காணவில்லை. கண்டது கரி. கோது சரியாக அடைக்காததால் வாயு பின்னுக்கு ஒழுகி அறைச் சுவரில் கரியாகப் படிகிறது. அந்தக் கரி இருக்கும்போது உருக்குக் கோது எப்படியோ வந்துகொண்டிருக்கும். அதன் மேல் ஒரு பித்தளை ரவையைப் போட்டுச் சுட்டால் பித்தளை நன்றாக விரிந்து கரிக்குள் இறுகிவிடும். எனக்கே நடந்தது. ஒரு குளிர்காலக் காலையில் 60 உருக்கு சுட்டுவிட்டு, கடைசியாக நல்ல ரவையில் குறியைச் சரிபார்ப்போம் என்று பித்தளைக்கு மாறினேன். மூன்றாவது வெடியோடு போல்ற் நின்றுவிட்டது. கையால் இழுத்தும் அசையவில்லை. கடைசியில் துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு வெற்றுக் கோதைத் தட்டி எடுத்தோம். சுட்ட வெற்றுக் கோது என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் அதைச் செய்தோம். சுடாத ரவை இறுகினால் அந்த வேலைக்குக் கிட்டவும் போகக்கூடாது, திருத்துகிற ஆளிடம் கொண்டுபோக வேண்டும். உருக்கில் இருந்து பித்தளைக்கு மாறுவதானால் இடையில் அறையைத் தூரிகை போட்டுத் துடையுங்கள். ஐந்து நிமிட வேலை.

உருக்குக் கோது அறையைக் கீறிவிடும் என்பதும் பிழை. கோதுக்குப் போடுவது மென்மையான உருக்கு. உங்கள் அறையும் குழலும் குரோமியம் கலந்த, வெப்பப் பதம் போட்ட உருக்கு அல்லது துருப்பிடியா உருக்கு. மென்மையானது வன்மையானதை லேசில் கீறாது. கோதைப் பிடித்து இழுக்கிற கொக்கிக்குக் கொஞ்சம் கூட வேலைதான். ஆனால் அது சின்னச் சாமான், மாற்றலாம்.

இப்போது சன்னத்துக்கு வருவோம், ஏனென்றால் அந்த வயதானவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிற இடம் இதுதான். மலிவான உருக்குக் கோது ரவைகளில் சன்னத்தின் மேலுறையும் பெரும்பாலும் உருக்குத்தான். ஈயத்தின் மேல் மென்னுருக்கு, அதன் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. பார்வைக்குச் செம்பு மாதிரி மினுங்கும். குளிர்ப்பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கோதில் ஒட்டினால் உருக்குக் கோது. சன்னத்தின் நுனியில் ஒட்டினால் மேலுறையிலோ உள்ளேயோ உருக்கு இருக்கிறது. பல றேஞ்சுகளில் வாசலிலேயே இந்தச் சோதனை உண்டு. ஒட்டினால் உள்ளே விடமாட்டார்கள், ஏனென்றால் உருக்கு இலக்குகளைக் கெடுக்கும், பொறி பறந்து காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும். வாங்க முதல் உங்கள் கிளப்பின் சட்டத்தைக் கேட்டு வையுங்கள். 500 ரவை வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தேய்மானம் எவ்வளவு என்பதற்கு ஓரளவு நம்பக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 2013இல் அமெரிக்காவில் லக்கி கன்னர் என்ற ரவை விற்பனைக் கடை ஒரே மாதிரியான நாலு துவக்குகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகை ரவையை 10,000 வரை சுடுவதென்று தொடங்கியது. ஒன்று பித்தளைக் கோதும் செம்பு மேலுறையும், மற்ற மூன்றும் ரஷ்ய உருக்கு. உருக்கில் ஒன்று சிக்கல் பட்டு இடையில் நின்றுவிட்டது. முடித்த இரண்டிலும் குழல் 6,000 வெடி அளவில் தேய்ந்து, சன்னம் ஒழுங்காகச் சுழலாமல் போனது. பித்தளைக்காரனின் குழல் 10,000 முடிந்தும் உயிரோடு இருந்தது. இதில் உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று: உருக்கு மேலுறை குழலைச் செம்பை விட வேகமாகத் தேய்க்கிறது. அந்த 6,000 என்ற எண்ணை மட்டும் உங்கள் துவக்குக்குத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. அவர்கள் சுட்டது தானாக ஏற்றுகிற துவக்கில், குழல் கொதிக்கக் கொதிக்க. குழலின் தொண்டையை, அதாவது அறைக்கு முன்னால் குழல் தொடங்குகிற இடத்தை, தின்பதில் சூட்டுக்குத்தான் பெரிய பங்கு. நிமிடத்துக்கு ஒரு வெடி வைத்து ஆறவிட்டுச் சுடுகிற உங்களுக்கு அதைவிடக் கூடத்தான் வரும். எவ்வளவு கூட என்று ஒருவர் எண் சொன்னால் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குப் போடுவோம். ரவைக்கு 30 சதம் மிச்சம். 5,000 ரவைக்கு 1,500 டொலர். புதுக் குழலும் பொருத்துகூலியும் ஆயிரம் டொலர் என்று வைத்தாலும், குழலை எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டும் கையில் 500 மிஞ்சும். அந்தச் சோதனையைச் செய்த கடைக்காரரும் ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஆக, காசுக் கணக்கில் உருக்கு வெல்கிறது. "துவக்கைத் தின்னும்" என்பது உண்மை, "ஆனபடியால் நட்டம்" என்பது பிழை. இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு "உருக்கே வாங்கு" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

நான் நிறுத்தமாட்டேன், ஏனென்றால் உங்களிடம் இருப்பது குறிதுவக்கு. கிளப்பில் எம்ஓஏ என்று ஒரு அளவு சொல்வார்கள், 100 மீற்றரில் ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றர். என் துவக்கிலும் நண்பர்களுடைய துவக்கிலும் கண்டதைச் சொல்கிறேன்: மலிவு உருக்கு ரவையில் ஐந்து வெடி வைத்தால் 4 எம்ஓஏ, அதாவது 11, 12 சென்ரிமீற்றர் வட்டம், ஒரு சிரட்டை வாய் அளவு. மலிவுப் பித்தளையில் 7 சென்ரிமீற்றர். போட்டிக்கென்று செய்த ரவையில் 3 சென்ரிமீற்றர், ஒரு பாக்களவு. துவக்கைத் தாங்கியில் வைத்துச் சுட்ட கணக்கு இது, சுடுகிறவரின் பிழை சேரவில்லை. இனி நீங்கள் படுத்துச் சுடுகிறீர்கள், ஒரு வெடி இலக்கின் நடுவில் இருந்து 5 சென்ரிமீற்றர் இடப்பக்கம் போகிறது. விசையை இழுத்த விரலில் பிழையா, மூச்சில் பிழையா, ரவையில் பிழையா? சிரட்டைக்குள் அடிக்கிற ரவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. உங்கள் பிழையையும் அது மறைக்கும், சில நாளில் உங்கள் திருத்தத்தையும் மறைக்கும். நான் முதல் இரண்டு வருஷம் உருக்கு ரவையில் சுட்டு, என் இடத்தோளில் ஏதோ பிழை என்று நிற்கும் நிலையை மாற்றி மாற்றிப் பார்த்தவன். தோளில் ஒன்றுமில்லை.

இதில் கோதுக்கு என்ன பங்கு என்று கேட்டால், மிகக் குறைவு. ஹோர்ணடி என்ற அமெரிக்கக் கம்பனி ஒரு காலத்தில் உருக்குக் கோதிலேயே செம்பு மேலுறைப் போட்டிச் சன்னம் வைத்து விற்றது. மலிவு ரவை சிதறுவதற்குக் காரணம் சன்னத்தின் சமநிலையும், மருந்து அளவின் ஏற்றத்தாழ்வும். மருந்து கூடிக் குறைந்தால் வேகம் மாறும். .223 சன்னம் செக்கனுக்கு 900 மீற்றர் அளவில் புறப்படுகிறது, 100 மீற்றர் போவதற்குள் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் விழுகிறது. வேகம் நூற்றுக்கு மூன்று மாறினால் விழுகிற அளவு நூற்றுக்கு ஆறு மாறும், அதாவது 4 மில்லிமீற்றர் மட்டும். அதனால் 100 மீற்றரில் இது ஒரு பொருட்டல்ல, அங்கே சன்னத்தின் தரம்தான் பேசும். 500 மீற்றரில் சன்னம் இரண்டு மீற்றருக்கு மேல் விழும், அதே மூன்று வீத வேறுபாடு அரைச் சாணுக்கு மேல் மேலும் கீழுமாகச் சிதறும். தூரத்துக்குப் போக எண்ணம் இருந்தால் மலிவு ரவையை அன்றைக்கே மறந்துவிடவேண்டும்.

இனி உங்கள் 60 டொலருக்கு வருவோம். அதை உருக்கில் போட்டால் 133 வெடி, பித்தளையில் 80 வெடி. எனக்கு இரண்டிலும் மனமில்லை. மலிவுப் பித்தளை உருக்கை விட நல்லது, ஆனால் 30 சதம் கூடக் கொடுக்கிற அளவுக்கு நல்லதல்ல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாதிக் காசை .22 என்கிற சின்ன, மலிவு ரவைக்குக் கொடுப்பேன். விலை கடைக்குக் கடை மாறும், 12 சதம் என்று வைத்தால் 30 டொலருக்கு 250 வெடி. சில கிளப்புகளில் .22 துவக்கு இரவல் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். அதில் மூச்சும் விரலும் கண்ணும் பழகுவது .223இல் பழகுவது போலத்தான், உதை இல்லாததால் பிழை இன்னும் தெளிவாகத் தெரியும். ஒலிம்பிக்கில் 50 மீற்றர் போட்டி இந்த .22இல்தான் நடக்கிறது, பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர். மிச்ச 30 டொலருக்கு .223இல் ஒரு பெட்டி, 20 போட்டி ரவை. மாதத்தில் ஒரு நாள் அந்த இருபதையும் அவசரப்படாமல், ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று முன்கூட்டியே கொப்பியில் எழுதிவிட்டுச் சுடுங்கள்.

.22 வாங்கும்போது வேகம் கூடியது நல்லது என்று நினைக்காதீர்கள். குறிசுடுவதற்குச் செக்கனுக்கு 1,070 அடி அளவில், ஒலி வேகத்துக்குக் கீழே போகிற ரவையே நல்லது. ஒலியை விட வேகமாகப் புறப்பட்டு, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கிற சன்னம் ஒரு தள்ளாட்டம் தள்ளாடும். எஸ்கே, சிசிஐ, ஈலி என்று மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். இது நம்பிக்கை மாதிரிக் கேட்கும், ஆனால் உண்மை: ஒரே கம்பனி, ஒரே மாதிரி இரண்டு துவக்கு, ஒன்றுக்குப் பிடித்த ரவை மற்றதற்குப் பிடிக்காது. பிடித்தது கிடைத்தால் பெட்டியின் ஓரத்தில் இருக்கிற தொகுதி எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் ஏலுமானவரை வாங்கி வையுங்கள்.

.223இல் இரண்டு விடயம். குழலின் முறுக்கு, அதாவது சன்னத்தைச் சுழற்ற உள்ளே வெட்டியிருக்கிற சுருள் வரி, எவ்வளவு என்று பாருங்கள், குழலின் மேலேயே பொறித்திருக்கும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயின் (சன்னத்தின் நிறை அளவு) சன்னத்தோடு நில்லுங்கள். 9, 8, 7 என்று இறங்க இறங்க 69, 77 கிரெயின் பாரச் சன்னங்களும் சரிவரும். மற்றது, 5.56 என்று எழுதிய இராணுவ அளவு ரவை உங்கள் அறைக்குள் போகும். போகிறது என்பதற்காகச் சுடாதீர்கள். வெளி அளவு ஒன்றுதான், ஆனால் 5.56க்கு வெட்டிய அறையின் தொண்டை நீளம் கூட. .223 அறையில் சுட்டால் அமுக்கம் கணக்குக்கு மேல் போகலாம். குழலில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

பிரைமர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நண்பர் பழைய இராணுவ மிச்சச் சரக்கு மலிவாகத் தருவதாக எழுதியிருந்தீர்கள், அவருடைய எஸ்கேஎஸ்ஸை ஒரு நாள் சுட்டுப் பார்ப்பதாகவும். அந்தச் சரக்கில் பொற்றாசியம் குளோரேற்றுப் பிரைமர் இருக்கலாம். சுட்டதும் அது பொற்றாசியம் குளோரைட்டாகக் குழலில் படியும். ஆனையிறவு உப்பின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வையுங்கள். மாரியில் உப்புப் போத்தல் எப்படி நீர் கோக்கும், அதேபோல அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து உருக்கைத் துருவாக்கும். எண்ணெய் போட்டால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாதே. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதற்குப் பிறகு எண்ணெய். துவக்குக்குள் தண்ணீரா என்று எனக்கும் முதலில் மனம் வரவில்லை. மனம் வராமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்த ஒரு துவக்கு, மூன்றாம் நாள் காலை குழலுக்குள் செம்மண் மாதிரி இருந்தது. இன்றைக்குக் கடையில் புதிதாக விற்கிற .223இல் இந்தப் பயம் அனேகமாக இல்லை.

பித்தளைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு, மறுபடி நிரப்பலாம். அடியில் நடுவே ஒரு துளை இருக்கிற பொக்சர் வகைக் கோது அதற்கு வாய்ப்பானது. இரண்டு சின்னத் துளை இருப்பது பேர்டான் வகை, ரஷ்ய உருக்கு ரவைகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும், அவற்றை நிரப்புவது வீண் வேலை. பொக்சர் இங்கிலாந்துக்காரர், பேர்டான் அமெரிக்கர், இரண்டு பேருக்கும் 1866இல் காப்புரிமை. இன்றைக்கு அமெரிக்கா முழுக்கப் பொக்சர், ஐரோப்பியப் படைகள் பல பேர்டானோடு போயின. நிரப்புவதை நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை, அது எழுத்தில் பழகுகிற தொழில் இல்லை. கோதுகளைச் சேர்த்து வையுங்கள், கிளப்பில் ஒருவரிடம் நேரில் இருந்து பழகுங்கள். ஆனால் அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற பிராசோவைக் கோதுக்குப் போடாதீர்கள். அதில் அமோனியா இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகள் மாரிகாலத்தில் வெடிப்பு விட்டன. ஏனென்று பல வருஷம் விளங்காமல், 1921இல்தான் தெளிவாக விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அமோனியாவும், அடித்து இழுத்த பித்தளைக்குள் நின்ற இழுவிசையும். கோதின் கழுத்தைச் சூடுகாட்டி இளக்கினால் அந்த இழுவிசை போய்விடும். இராணுவக் கோதுகளின் கழுத்தில் நீலமும் தவிட்டு நிறமுமாக ஒரு வளையம் தெரியும், அது அந்தச் சூட்டின் அடையாளம், அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள்.

அப்பா சொன்னதற்கும் ஒரு சொல். அவர் வன்னியில் கமம் செய்தபோது லைசென்ஸ் துவக்கு வைத்திருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அனுபவசாலி. ஆனால் இப்போதைய வேட்டைத் துவக்குத் தோட்டாக்களில் அடியில் மினுங்குகிற "பித்தளை" பலதும் பித்தளை பூசிய உருக்குத்தான். அடுத்த முறை வரும்போது காந்தத்தை வைத்துக் காட்டுங்கள், சிரிப்பார்.

கடைசியாக, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. காணியைத் துப்புரவாக்கும்போது கிடைத்த பழைய ரவைகளையும் கோதுகளையும் அப்பா ஒரு தகரத்தில் போட்டு வைத்திருக்கிறார், பித்தளையை எடுக்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எடுக்கக்கூடாது. முப்பது வருஷம் மண்ணில் கிடந்த கோது எதற்கும் உதவாது. அந்தத் தகரத்தில் இருப்பதெல்லாம் வெற்றுக் கோதுதானா என்று அங்கே இருக்கிற உங்களுக்கும் தெரியாது, இங்கே இருக்கிற எனக்கும் தெரியாது. ஒன்றாவது சுடாத ரவை என்றால், அல்லது ரவையே இல்லாத வேறு ஏதாவது என்றால், அதைக் கிண்டுவதும் தட்டுவதும் சூடுகாட்டுவதும் கையோடு போகிற வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஹலோ ட்ரஸ்ட் 2002இல் கண்ணிவெடி அகற்றத் தொடங்கியது, அப்படியிருந்தும் கிணறு இறைக்கும்போதும் வேலி போடும்போதும் இன்னும் ஏதாவது வருகிறது. லைசென்ஸ் இல்லாத ரவை வீட்டில் இருப்பதே சட்டப்படி குற்றம், அது வேறு. தகரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகவேண்டாம், இருக்கிற இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பொலிஸின் 119க்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். ரவை எது வாங்குவது என்பதை அடுத்த கிழமை யோசிக்கலாம். அப்பாவுக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுங்கள்.